காற்றுப்பெட்டிக்குப் போர்த்திய வேட்டி

எல்லோரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்காருங்கள், கண்ணுகளா. காற்று வரட்டும். சொல்லப்போவது காற்றைப் பற்றிய கதை. நெருக்கியடித்துக்கொண்டு கேட்டால் விளங்காது. இதில் ராஜா கிடையாது, மந்திரி கிடையாது. ஓர் ஆபீசர் வருவார். அவரைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். அவரும் நம்மைப் போல மூக்கால்தான் மூச்சு விடுகிறார்.

அன்னவாசலிலிருந்து மினி பஸ் உள்ளே போய், இனி ரோடு இல்லை என்று திரும்புகிற இடத்தில் செம்பாறைப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே வியாகுலமேரி என்று ஒருத்தி. ஆவூர்ப் பக்கத்துப் பெண், இங்கே வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் ஜோஸ் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். இவள் வீட்டு மாடியில் கூழ் வடகம் போடுகிறாள். ஈர வேட்டியை விரித்து, கூழைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, வெயிலில் காயவைத்து, சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப்போட்டுத் தண்ணீர் தெளித்து உரித்தால் மல்லிகை மொக்கு நிறத்தில் வந்து விழும். மாசிக் கடைசியில் தொடங்கினால் ஆனி முடிய ஒரு நாள் வெயிலையும் வீணடிக்க மாட்டாள். அறந்தாங்கிக் கடைகளில் 'மேரியக்கா வடகம்' என்று பேர் சொல்லிக் கேட்பார்கள். அரபு நாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் சட்டை துணிக்கு முன்னால் அதைத்தான் வைப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்குத் தெற்கே கோபிநாத் என்கிறவர் ஒரு கிரஷர் போட்டார். பாறையை உடைத்து ஜல்லியாக்குகிற ஆலை. ஜல்லி லாரியேறிப் போய்விட்டது. தூசி மட்டும் ஊரைப் பிரிய மனசில்லாமல் இங்கேயே தங்கிவிட்டது. முருங்கையிலையில் தங்கியது, தண்ணீர்க் குடத்தில் தங்கியது, வடகத்திலும் தங்கியது. அறந்தாங்கிக் கடைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"வடகத்துக்குள்ள கல்லு கெடந்தா பொறுக்கி எறிஞ்சுரலாங்க. இது கல்லுக்குள்ள வடகம் கெடக்கு."

இன்னொரு தரம் இப்படி வந்தால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வியாகுலமேரி காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் அடுப்பையே மூட்டுவாள். வடகத்துக்கு மேலே இன்னொரு ஈர வேட்டியைப் பந்தல் மாதிரிக் கட்டி, வருகிற தூசியை அதிலேயே பிடித்து, எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் கோபிநாத் இரண்டாவது கிரஷரும், அதற்குப் பக்கத்தில் தார் கலக்குகிற ஆலையும் வேண்டுமென்று மனுப் போட்டார். ஒன்றுக்கே இந்தப் பாடு. இன்னும் இரண்டு வந்தால் மாடியைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட வேண்டியதுதான்.

அனுமதி கொடுப்பதற்கென்று ஓர் ஆபீஸ் இருக்கிறது. அதன் பெயர் போர்டில் மூன்று வரிக்கு ஓடும். ஊரில் 'காத்து ஆபீஸ்' என்பார்கள். அந்த ஆபீஸ் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று அனுமதி கொடுத்துவிடாது. முதலில் காற்றை அளக்கும். பிறகு அறிக்கை எழுதும். பிறகு ஜனங்களைக் கூப்பிட்டு அவர்கள் கருத்தைக் கேட்கும். அதன் பிறகுதான் அனுமதி கொடுக்கும்.

காற்றை அளக்க வீரய்யா என்ற லேப்காரர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பீரோவில் பாதி உயரம், மேலே கூரை வைத்த பெட்டி. கிரஷருக்குப் பக்கத்தில் உயரமான மாடி வியாகுலமேரியுடையதுதான். வடகம் காய்கிற இடத்தில் கால்வாசியை அது பிடித்துக்கொண்டாலும் அவளுக்குச் சந்தோஷம். நம் வீட்டுத் தூசியைப் பார்க்க அரசாங்கமே மாடியேறி வந்திருக்கிறதே. வந்தவருக்கு முதலில் காப்பி கொடுத்தாள்.

"இது பாட்டுக்குக் காத்தை இழுத்து, உள்ள இருக்கிற தாளுல எழுதிக்கிடும்க்கா," என்றார் வீரய்யா. "வாரத்துல ரெண்டு நாள் வந்து தாளை மாத்துவேன். மூணு மாசம். வெளிநாட்டுச் சாமான், பத்திரமாப் பாத்துக்கங்க."

பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று வியாகுலமேரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் வீட்டில் மிக்சிக்கு உறை உண்டு, டி.வி.க்குப் பூப்போட்ட உறை உண்டு, ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை உண்டு. இத்தனை தூசிக்குள் ஒரு வெளிநாட்டுச் சாமானை மொட்டையாக நிறுத்தி வைப்பாளா? நல்ல பருத்தி வேட்டியாக ஒன்றை எடுத்து, நனைத்துப் பிழிந்து, இரண்டாக மடித்து, பெட்டிக்குத் தலையிலிருந்து இடுப்புவரை போர்த்தி, கயிற்றால் கட்டினாள். மூச்சு முட்டாதா என்று பக்கத்து வீட்டுக் காத்தாயிதான் கேட்டாள். பைக்கில் போகிறவர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டுவதில்லையா, கட்டினால் மூச்சு நின்றா போகிறது என்று இவள் திருப்பிக் கேட்டாள். அதுவும் நியாயம்தான் என்று காத்தாயி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

தினமும் காலையில் அந்த வேட்டியை அவிழ்த்து அலசுவாள். தண்ணீர் சிமெண்டுக் கரைசல் மாதிரி ஓடும். வீரய்யா வருகிற நாளில் மட்டும் வேட்டியை முன்கூட்டியே எடுத்துவிடுவாள். விருந்தாள் வரும்போது டி.வி. உறையை எடுத்துவிடுவதில்லையா, அந்த முறைதான். வீரய்யா வந்து தாளை உருவிப் பார்ப்பார். புதுத்தாள் போலவே வெள்ளையாக இருக்கும். "ராசியான மாடிக்கா ஒங்க மாடி," என்பார். வியாகுலமேரி வெட்கத்தோடு இன்னொரு டம்ளர் காப்பி கொடுப்பாள். இப்படி மூன்று மாசம்.

பிறகு ஒரு நாள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தது. பஞ்சாயத்து ஆபீசில் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டிப் பூட்டியிருந்தார்கள். யாரும் படித்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்ததாகச் சொல்ல முடியாது. கண்ணாடியின் மேல் படிந்த தூசியைத் துடைத்தால் நன்றாகவே தெரிந்தது. அறிக்கையைப் பார்வையிட விரும்புகிறவர்கள் புதுக்கோட்டைக்கு வந்து காத்து ஆபீசில் பார்க்கலாம் என்று இருந்தது. வியாகுலமேரி காத்தாயியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அறிக்கை அறுநூற்று நாற்பது பக்கம், எல்லாம் இங்கிலீஷ். பார்வையிடத்தான் அனுமதி என்பதால் இருவரும் கொஞ்ச நேரம் பார்வையிட்டார்கள். பிறகு ஒரு அம்மாள் இரக்கப்பட்டுத் தமிழ்ச் சுருக்கம் என்று பன்னிரண்டு பக்கம் எடுத்துக்கொடுத்தாள். அதுவும் தமிழாகத்தான் தெரிந்தது. ஒன்பதாம் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்த வியாகுலமேரி விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'செம்பாறைப்பட்டி, திருமதி வியாகுலமேரி இல்ல மாடி: காற்றின் தரம் மிக நன்று. மலைவாசத் தலங்களுக்கு ஒப்பானது. எனவே இப்பகுதிக் காற்றில் மேலும் மாசினை ஏற்றுக்கொள்ளப் போதிய இடம் காலியாக உள்ளது.'

"காலியா இருக்காமா?" என்றாள் காத்தாயி. "பஸ்ஸுல சீட்டு மாதிரியா?"

 வியாகுலமேரியின் கண்ணுக்கு முன்னால் ஒரு வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. தூசியைப் பிடிக்கத்தான் அந்தப் பெட்டி வந்திருந்தது. அது பிடிக்குமுன் இவள் பிடித்து அலசி வாய்க்காலில் விட்டுவிட்டாள். தன் மாடிக்குத் தானே குழி தோண்டியாயிற்று.

நேரே ஆபீசர் அறைக்குப் போனாள். ஆபீசர் பெயர் ரகுநாத். வழுக்கைக்குக் கீழே சாந்தமான முகம். அவள் நடந்ததை நடந்தபடி சொல்லத் தொடங்கினாள். வேட்டி என்ற சொல் வந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இதை இங்க சொல்லக் கூடாதும்மா. கூட்டத்துலதான் சொல்லணும். இங்க நான் கேட்டா, அது கேட்டதா ஆகாது."

"காதுல விழுந்துருச்சேங்க சார்."

"விழுந்தது வேற. பதிவாகணும்."

பதிவாக வேண்டுமானால் டோக்கன் வேண்டும். டோக்கன் வேண்டுமானால், இந்தக் காற்றால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நிரூபிக்க வேண்டும். அதாவது அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்து அடுத்தவர் காற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லிவிடுகிறார்களாம், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ரகுநாத் விளக்கினார்.

வி.ஏ.ஓ. எழிலரசன் நல்ல மனிதர். இருப்பிடம், வருமானம், வாரிசு என்று எத்தனையோ சான்று கொடுத்திருக்கிறார். மூச்சுக்கு இதுதான் முதல் தடவை. ஆனாலும் கலங்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"இந்த ஊர்ல எத்தனை வருசமா மூச்சு விடுறீங்க?"

"கல்யாணமாகி இருபத்தாறு வருசங்க."

"தொடர்ச்சியாவா?"

"நடுவுல பிரசவத்துக்கு ஆவூர் போயிருந்தேன்."

"அப்ப அது அங்கிட்டு விட்ட மூச்சு. கழிச்சிரணும். ஒங்க வீட்டுக்காரரு?"

"அவரு கத்தார்ல விடுறாருங்க."

"அது நம்ம எல்லைக்குள்ள வராது," என்று அந்த இடத்தில் கோடு போட்டார்.

இரண்டு சாட்சிகள் வேண்டுமென்றார். காத்தாயியும், டீக்கடை ஆண்டிச்சாமியும் கையெழுத்துப் போட்டார்கள். நேரில் பார்த்துச் சரிபார்த்ததாக எழுத வேண்டியிருந்ததால், வியாகுலமேரி அவர் முன்னால் நின்று ஒரு தடவை இழுத்து விட்டுக் காட்டினாள். 'மேற்படி வியாகுலமேரி மேற்படி கிராமத்தில் குறிப்பிட்ட காலம் நீங்கலாக இடைவிடாது சுவாசித்து வருகிறார் என்றும், இச்சான்று வழங்கும் நாளிலும் சுவாசித்துக்கொண்டிருந்தார் என்றும் விசாரணையில் தெரியவருகிறது' என்று எழுதி, சீல் குத்தி, ஆறு மாசத்துக்குச் செல்லும் என்று சொல்லிக் கொடுத்தார்.

கூட்டத்தன்று காலையில் ஊரே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. டேங்கர் லாரிகள் ரோடு முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போயின. கிரஷர் சத்தம் இல்லை. ஆபீசர்கள் எந்த நேரமும் பார்வையிட வரலாம் என்பதால் பராமரிப்புக்காக நிறுத்தியிருப்பதாகக் கோபிநாத் போர்டு மாட்டியிருந்தார். முருங்கை மரம் பச்சை என்று சின்னப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தன. வியாகுலமேரி விடிகாலையில் ஊற்றிய வடகத்தைக் காய வைத்துவிட்டு, சான்றிதழைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

கூட்டம் ஒரு ஏ.சி. கல்யாண மண்டபத்தில். காற்றைப் பற்றிய கூட்டமாதலால் வெளிக்காற்று உள்ளே வராதபடி எல்லா ஜன்னலையும் அடைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் ரகுநாத்தும் கோபிநாத்தும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரகுநாத் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"காற்று பொதுச் சொத்து. பொதுச் சொத்தை எல்லோரும் பயன்படுத்தலாம். நீங்கள் மூச்சு விடப் பயன்படுத்துகிறீர்கள். திரு. கோபிநாத் தூசி விடப் பயன்படுத்துகிறார். அரசு இருவரையும் சமமாகவே பார்க்கிறது. உங்கள் கருத்தைக் கேட்பது எங்கள் வேலை. முடிவெடுப்பது எங்கள் வேலை அல்ல. முடிவெடுப்பது சென்னையில் உள்ள குழு. கருத்தைக் கேட்பது அவர்கள் வேலை அல்ல. ஆளுக்கு மூன்று நிமிடம். டோக்கன் வாங்கிய கடைசி ஆள் பேசி முடிக்கும் வரை இந்தக் கூட்டம் முடிந்ததாகக் கருதப்படாது. இதுதான் ஜனநாயகம்."

 எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணுகளா, கடைசி ஆள் பேசி முடிக்கும் வரை என்றாரே, அந்த வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

டோக்கன் ஒன்றிலிருந்து நூற்று அறுபது வரைக்கும் எங்கிருந்தோ வேன்களில் வந்தவர்களிடம் இருந்தது. அவர்களும் செம்பாறைப்பட்டியில்தான் மூச்சு விடுகிறார்கள் என்பது செம்பாறைப்பட்டிக்கு அன்றுதான் தெரியவந்தது. அவர்களுடைய சான்றிதழ் எங்கே என்று ஊர்க்காரர்கள் கேட்டதற்கு ரகுநாத், ஆதரவு தெரிவிப்பவர்கள் பாதிக்கப்படக்கூடியவர்கள் அல்ல, ஆகையால் அவர்களுக்குச் சான்று தேவையில்லை என்றார். ஒவ்வொருவராக வந்து, கையிலிருந்த ஒரே தாளை அடுத்தவருக்குக் கைமாற்றி, அந்த ஊரின் தூய காற்றையும் கோபிநாத்தின் நல்ல மனசையும் வாசித்தார்கள். ஒருவர் மட்டும் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் தடங்கல் இல்லாமல் வாசித்தார். வியாகுலமேரியின் டோக்கன் நூற்று அறுபத்தொன்று. மணி ஐந்தாகிவிட்டது. கூட்டம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

சலித்துப்போய் வீட்டுக்கு வந்து மாடியேறினாள். வேட்டியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து ஒரு வடகத்தை உரித்தாள். வெள்ளை. மூன்று வருஷமாகப் பார்க்காத வெள்ளை. பாதி காய்ந்ததை அப்படியே வாயில் போட்டுக் கடித்தாள். நற என்று ஒரு சத்தம்கூட இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் அவள் முறை வந்தது. மைக் முன்னால் நின்று, வேட்டி போர்த்தியதைச் சொன்னாள். அலசாமல் வைத்திருந்த ஒரு வேட்டியையும் பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினாள். யானைக்காது மாதிரி இருந்தது. தப்பு என்னுடையதுதான், பெட்டியைத் திரும்ப வையுங்கள், இந்தத் தடவை போர்த்தாமல் விடுகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

 கோபிநாத் ரகுநாத்தின் காதோடு ஏதோ சொன்னார். ரகுநாத் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"இந்த அம்மா சொன்னது ரொம்ப முக்கியமான கருத்து. ஒரு ஈர வேட்டி போர்த்தினால் காற்று மலைவாசத் தலம் மாதிரி ஆகிறது என்று நம் கருவியே நிரூபித்திருக்கிறது. செலவில்லாத, மக்களே கண்டுபிடித்த மாசுக் கட்டுப்பாடு. ஆகையால் அனுமதி ஆணையில் இதையே ஒரு நிபந்தனையாகச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். கிரஷரைச் சுற்றியுள்ள எல்லா வீட்டாரும் தங்கள் வீட்டுக்கு ஈர வேட்டி போர்த்திக்கொள்ள வேண்டியது."

வேன்களில் வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கோபிநாத் பெருந்தன்மையாக, முதல் செட் வேட்டி தன் உபயம் என்றார்.

வியாகுலமேரி தன் இடத்துக்கு எப்படித் திரும்பி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் நாலே பேர்தான் டோக்கன் வைத்திருந்தார்கள். அவர்களும் பேசிவிட்டால் கூட்டம் முடிந்துவிடும், கோப்பு சென்னைக்குப் போய்விடும், கிரஷர் ஓடத் தொடங்கிவிடும். காத்தாயி அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, போனால் போகுது, கூட்டம் நடக்கிற இன்றைக்காவது வடகம் வெள்ளையாகக் காய்கிறதே என்று தேற்றினாள்.

தடவின கையை வியாகுலமேரி அப்படியே பிடித்துக்கொண்டாள்.  பிறகு எழுந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். கடைசி ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் கூட்டம் முடியாதுதானுங்களே?"

"முடியாது. அதுதான் சட்டம்."

"இன்னமும் டோக்கன் வாங்கலாங்களா?"

"கூட்டம் நடக்கிற நாள் வரைக்கும் வாங்கலாம்," என்று ரகுநாத் பெருமையோடு சொன்னார். "ஆனா, சான்றிதழ் வேணும்."

டோக்கன் வைத்திருந்த அந்த நாலு பேரும் மறுநாள் பேசுவதாகத் தள்ளிப்போட்டார்கள். அன்று சாயங்காலம் எழிலரசன் வீட்டு வாசலில் செம்பாறைப்பட்டி முழுக்க வரிசையில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டது. முன்மாதிரி ஒன்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று. இனி மறுக்க அவருக்கு வழியில்லை. இங்க்-பேடு காய்ந்துபோய் இரண்டு தரம் மாற்றினார். பிறந்து பதினேழு நாளான குழந்தைக்கும் கொடுத்தார். அது இடைவிடாது சுவாசித்து வந்ததில் சந்தேகமே இல்லை.

அதன் பிறகு கூட்டம் கூட்டமாகவே நடந்தது. செம்பாறைப்பட்டிக் கத்தோலிக்கப் பெண்கள் நீண்ட பிரார்த்தனைக்குப் பழகியவர்கள். ஒருத்தி விட்ட இடத்தில் அடுத்தவள் மூச்சு விடாமல் தொடர்வாள். காத்தாயி தன் ஆட்டுக்குட்டியின் இருமலை மூன்று நிமிடத்துக்குச் செய்து காட்டினாள். ஆண்டிச்சாமி டீத்தூளையும் கிரஷர் தூளையும் பிரித்தறிவது எப்படி என்று பேசி, பாதியில் மணியடித்துவிட்டதால் மீதிக்கு வேறு டோக்கன் வாங்கினார். குழந்தை மைக் முன்னால் அழுதது. 'கருத்துத் தெரிவித்தார், தெளிவாக இல்லை' என்று பதிவாயிற்று. புதிய கருத்து இருந்தால் பேசியவரே மறுபடியும் பேசலாம் என்று விதியில் ஓர் உட்பிரிவு இருப்பதை ரகுநாத்தே, கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாமல் ஒப்புக்கொண்டார்.

சீக்கிரம் முடிப்பதற்காக அவர் கூட்டத்தைத் தினமும் வைத்தார். தினமும் வைத்ததால் தினமும் டேங்கர் தண்ணீர் தெளித்தது. தினமும் கிரஷர் பராமரிப்பில் இருந்தது. இத்தனை நன்றாகப் பராமரிக்கப்பட்ட கிரஷர் தமிழ்நாட்டில் வேறு இருக்காது. வேன்காரர்கள் ஒரு வாரத்தில் காணாமல் போனார்கள். கோபிநாத் மட்டும் மாப்பிள்ளை நாற்காலியில் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டத்தில் வேறு வழியே இல்லையா என்று ஒரு நாள் அவர் கேட்டதற்கு, அந்தச் சட்டப்படிதானே சார் உங்களுக்கு அனுமதியே தரப்போகிறோம் என்றார் ரகுநாத்.

முப்பத்தோராவது நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாதத்தோடு தனியாக உட்கார்ந்திருந்த ரகுநாத்துக்கு முன்னால் வியாகுலமேரி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அன்று காலையில் பொரித்த வடகம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவர் மெல்லுவதை நிறுத்தி, நாக்கால் தடவிப் பார்த்து, மறுபடியும் மென்றார்.

"ஏம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "இதெல்லாம் பதிவுக்கு இல்ல, சும்மா கேக்குறேன். இன்னும் எத்தனை நாளைக்குத்தான் பேசுறதா இருக்கீங்க?"

வியாகுலமேரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஏ.சி. ரிப்பேராகி இரண்டு வாரமாக ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வெயில் இருக்கிற வரைக்கும் பேசலாம்னு இருக்கோம் சார். மழை எறங்கிருச்சுன்னா நாங்களே நிப்பாட்டிக்கிருவோம். கடைசி டோக்கன் மட்டும் பேசாம இருக்கும். அடுத்த மாசிக்கு அதுல ஒரு புதுக் கருத்து இருக்கு."

 ரகுநாத் இன்னொரு வடகத்தை எடுத்துக்கொண்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "டோக்கன் நாலாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு," என்று கூப்பிட்டார்.